விசிறி இல்லாத ரக்கட் லேப்டாப்பில் என்விஎம்இ எஸ்எஸ்டி: 3,500 என்று போட்டிருக்கிறது, 1,700தான் வருகிறது, வெயிலில் அதுவும் இல்லை

குவாரி அளவையர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் குவாரிகளில் லேசர் ஸ்கேனர் வைத்துக் கன அளவு எடுப்பது எங்கள் குழுவின் வேலை. அங்கே பறக்கும் மாவு போன்ற தூசியில் விசிறி வைத்த லேப்டாப் எதுவும் நெடுநாள் தாங்குவதில்லை என்பதால், ஐபி65 (தூசி புகாது, நீர்த்தாரையும் தாங்கும்) சான்று பெற்ற, காற்றுத் துவாரமே இல்லாமல் முழுவதும் அடைக்கப்பட்ட ரக்கட் (முரட்டு உபயோகத்துக்கான) லேப்டாப் ஒன்றைப் பழைய பொருளாக வாங்கிப் பயன்படுத்தி வருகிறோம். உள்ளே இருப்பது இன்டெலின் 4.5 வாட் ஒய் வரிசைச் செயலி, 8 ஜிபி ரேம். வாங்கியபோது இருந்த 256 ஜிபி சாட்டா (பழைய, மெதுவான இணைப்பு வகை) எஸ்எஸ்டி இடம் போதாமல் போனதால், அதே எம்.2 ஸ்லாட்டில் 1 டிபி என்விஎம்இ (பிசிஐஇ இணைப்பில் ஓடும் வேகமான வகை) எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்தினோம். அதன் பெட்டியில் படிக்கும் வேகம் வினாடிக்கு 3,500 எம்பி என்று அச்சிட்டிருக்கிறது.

எனக்கு இரண்டு குழப்பங்கள். அலுவலகத்தில் ஏசி அறையில், இயந்திரம் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது சோதித்தாலும் படிக்கும் வேகம் 1,700 எம்பியைச் சுற்றியே நிற்கிறது, அதற்கு மேல் ஒருபோதும் ஏறியதில்லை. குவாரியிலோ, ஸ்கேனரின் தரவை வெளி எஸ்எஸ்டியிலிருந்து யுஎஸ்பி 3.0 வழியாக லேப்டாப்புக்கு மாற்றும்போது, தொடக்கத்தில் 400 எம்பியில் சீராகப் போகும் வேகம் சிறிது நேரத்தில் 70 எம்பிக்கு இறங்கி, மறுபடி 300க்கு ஏறி, மறுபடி விழுந்து, இப்படியே ரம்பப் பல் போலப் போகிறது. அந்த நேரத்தில் மவுஸ் அம்புக்குறிகூட விட்டுவிட்டுத்தான் நகர்கிறது. கடைக்காரர் நான்காம் தலைமுறை எஸ்எஸ்டி போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். அந்தச் செலவு செய்யலாமா, அல்லது வேறு ஏதாவது வழி இருக்கிறதா?

மின்தடம் எழுதியது:

வணக்கம். உங்கள் கேள்வியில் இரண்டு தனித்தனி வரம்புகள் கலந்து கிடக்கின்றன. குளிர்ந்த அறையிலும் 1,700ஐத் தாண்டாதது தரவு போகும் வழியின் வரம்பு, வெயிலில் விழுவது வெப்பத்தின் வரம்பு. நான் முதலாவதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

எஸ்எஸ்டியை மதர்போர்டுடன் இணைக்கும் பிசிஐஇ வழியின் மூன்றாம் தலைமுறையில் ஒரு லேனின் (தரவு ஓடும் ஒரு தடத்தின்) வேகம் 8 ஜிடி/வி (வினாடிக்கு 800 கோடி பரிமாற்றம்). 128 பிட்டை அனுப்ப 130 பிட் பிடிக்கும் குறியாக்கச் செலவு போக, ஒரு லேனில் வினாடிக்கு ஏறக்குறைய 985 எம்பி கிடைக்கும். நான்கு லேன் இருந்தால் 3.9 ஜிபி, இரண்டே லேன் என்றால் 1.97 ஜிபி. இதிலும் பாக்கெட் தலைப்புகளுக்கான பங்கு கழிந்தால் இரண்டு லேனில் கைக்கு வருவது 1,700 முதல் 1,800 எம்பிதான். உங்கள் எண் அப்படியே அங்கே போய்ப் பொருந்துகிறது. ஆனால் எண் பொருந்துகிறது என்பதற்காக உடனே தீர்ப்புச் சொல்லிவிட முடியாது, ஏனென்றால் இதே எண்ணைத் தரக்கூடிய வேறு இரண்டு காரணங்களும் உண்டு.

ஒன்று, இணைப்பு நான்கு லேனிலேயே இருந்து, தலைமுறை மட்டும் இரண்டாவதற்கு இறங்கியிருப்பது. இரண்டாம் தலைமுறையில் லேனுக்கு 500 எம்பி, நான்குக்கு 2 ஜிபி, கைக்கு வருவது மறுபடியும் கிட்டத்தட்ட அதே 1,700. ரக்கட் லேப்டாப்புகளில் எஸ்எஸ்டியை ஒரு சிறு டப்பாவில் வைத்து, பக்கவாட்டில் வெளியே இழுத்து எடுக்கும்படி அமைத்திருப்பார்கள். அந்த டப்பாவுக்கும் மதர்போர்டுக்கும் நடுவே ஒரு கூடுதல் கனெக்டரும், சில மாடல்களில் பட்டைக் கேபிளும் இருக்கும். அந்தத் தொடுமுனைகளில் தூசியோ பச்சைக் களிம்போ பிடித்திருந்தால், இணைப்பு தொடங்கும்போதே இரு முனைகளும் ஒத்துப்போகக்கூடிய குறைந்த வேகத்துக்கு இறங்கிவிடும். பிழைச் செய்தி எதுவும் திரையில் வராது.

இன்னொன்று, இந்த வகைச் செயலிகளுக்கே உரியது. ஒய் வரிசையில் செயலிச் சில்லும் சிப்செட் சில்லும் ஒரே பொதியில் பக்கத்துப் பக்கத்தில் அமர்ந்திருக்கின்றன. எஸ்எஸ்டி இணைந்திருப்பது சிப்செட்டுடன். இரண்டு சில்லுகளுக்கும் நடுவே உள்ள ஓபிஐ என்ற பாலம் 2 ஜிடி/வி அல்லது 4 ஜிடி/வி வேகத்தில் ஓடும். மின்சாரத்தை மிச்சப்படுத்தக் குறைந்த வேகத்தையே வைத்த தயாரிப்புகள் உண்டு, அப்போது பாலத்தின் மொத்தக் கொள்ளளவே வினாடிக்கு 2 ஜிபியை ஒட்டித்தான் இருக்கும். எஸ்எஸ்டியின் இணைப்பு நான்கு லேன், மூன்றாம் தலைமுறை என்று சுத்தமாகக் காட்டும், ஆனாலும் வேகம் 1,700ஐத் தாண்டாது.

இவற்றில் எது என்று கண்டுபிடிப்பது எளிது. விண்டோஸில் வட்டின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளைத் திறந்து, பரிமாற்ற முறை என்ற வரியைப் பாருங்கள். இப்போது ஓடும் இணைப்பும், எஸ்எஸ்டியால் முடிந்த உச்ச இணைப்பும் பக்கத்துப் பக்கத்தில் தலைமுறை, லேன் எண்ணிக்கையுடன் இருக்கும். இரண்டாம் தலைமுறை என்று இருந்தால் டப்பாவைக் கழற்றித் தொடுமுனைகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். இரண்டு லேன் என்று இருந்தால் அது போர்டில் கம்பி இழுத்த விதம், மாற்ற வழி இல்லை. ஸ்லாட் நான்கு லேனுக்கான எம் கீ வடிவத்தில் இருப்பதை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம், வடிவம் ஒன்றாக இருந்து உள்ளே இரண்டு லேன் மட்டும் இழுத்திருப்பது வழக்கம்தான். இந்தச் சிப்செட்டில் மொத்தமே 10 லேன்கள். சிம் மோடம், வைஃபை, கார்டு ரீடர், ஈதர்நெட் என்று ரக்கட் இயந்திரத்தில் வரிசையாக நிற்பவர்களுக்குப் பங்கிட்ட பிறகு எஸ்எஸ்டிக்கு இரண்டு மிஞ்சுவதில் வியப்பில்லை.

எந்த வழியாக இருந்தாலும், கடைக்காரர் சொல்லும் நான்காம் தலைமுறை எஸ்எஸ்டி உங்கள் இயந்திரத்தில் மூன்றாம் தலைமுறை வேகத்திலேயே ஓடும். அந்த யோசனையை இப்போதே கைவிட்டுவிடலாம்.

வெப்பமானி எழுதியது:

மேலே எழுதியவர் தொடாமல் விட்ட பாதியை நான் எடுத்துக்கொள்கிறேன். வேகம் விழுவதற்கு எஸ்எஸ்டியின் சூடுதான் காரணம் என்று எல்லோரும் உடனே சொல்லிவிடுவார்கள். உண்மையில் மூன்று சந்தேக நபர்கள் இருக்கிறார்கள், மூவரின் கைரேகையும் வேறு வேறு.

முதலாவது, எஸ்எல்சி கேஷ் நிரம்புவது. டிஎல்சி (செல்லுக்கு மூன்று பிட்) வகை எஸ்எஸ்டிகள் எழுத வரும் தரவை முதலில் செல்லுக்கு ஒரு பிட் வீதம் வேகமாக எழுதிவைத்து, பிறகு சாவகாசமாக மூன்று பிட்டாக மடித்துக்கொள்கின்றன. எஸ்எல்சி கேஷ் என்ற அந்த வேகமான இடம் நிரம்பிவிட்டால் வேகம் ஒரு படி கீழே இறங்கும். சாம்சங் 970 இவோவின் 1 டிபி மாடலுக்கு நிறுவனமே தரும் கணக்கு இது: 42 ஜிபி வரை முழு வேகம், அதன்பின் 1,200 எம்பி. அதே வரிசையின் 250 ஜிபி மாடலில் 13 ஜிபிக்குப் பின் 300 எம்பிதான். இந்த வீழ்ச்சி எழுதிய அளவைப் பொறுத்தது. ஏசி அறையிலும் குவாரியிலும் அதே ஜிபியில் விழும், விழுந்த இடத்திலேயே சீராக நிற்கும். உங்களுக்கு யுஎஸ்பி வழியே வருவதே 400 எம்பி என்பதால், நல்ல 1 டிபி டிஎல்சி எஸ்எஸ்டியில் இந்த வீழ்ச்சி கண்ணுக்கே படாது. க்யூஎல்சி (செல்லுக்கு நான்கு பிட்) வகையாக இருந்தால் கதை வேறு, அவற்றில் சில கேஷ் நிரம்பியபின் 100 எம்பி அளவுக்கு வந்துவிடும்.

இரண்டாவது, எஸ்எஸ்டி தானே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்வது. வெப்பநிலை ஓர் எல்லையைத் தொட்டதும் கன்ட்ரோலர் தன் வேலையைத் தளர்த்துகிறது, சில டிகிரி ஆறியதும் மறுபடி முழு மூச்சில் ஓடுகிறது, மறுபடி சூடாகிறது. நீங்கள் சொன்ன ரம்பப் பல் இதன் கைரேகை. என்விஎம்இ 1.3 வரையறையிலிருந்து இதற்கு இரண்டு எல்லைகள் வகுக்கப்பட்டுள்ளன. முதல் எல்லையில் வேகம் அதிகம் பாதிக்காதபடி லேசான குறைப்பு, இரண்டாவதில் வேகம் எப்படிப் போனாலும் சரி என்ற கடுமையான குறைப்பு. ஒவ்வோர் எல்லையையும் எத்தனை முறை தாண்டியது, அங்கே மொத்தம் எவ்வளவு நேரம் இருந்தது என்ற கணக்கு, எஸ்எஸ்டி தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பதிவிலேயே ஏறிக்கொண்டிருக்கும். இந்த வசதியை ஆதரிக்காத எஸ்எஸ்டியானாலும், எச்சரிக்கை வெப்பநிலைக்கு மேல் கழித்த நிமிடங்களின் எண்ணிக்கை இருக்கும். வேலைக்கு முன்னும் பின்னும் அந்த எண்களைக் குறித்து ஒப்பிட்டாலே போதும், ஊகம் தேவையில்லை.

மூன்றாவது செயலி. மவுஸ் திணறியது என்று எழுதியிருக்கிறீர்கள், என் கண்ணை உறுத்தியது அந்த வரிதான். எஸ்எஸ்டி மட்டும் மெதுவானால் கோப்பு மெதுவாக நகரும், மவுஸ் திணற வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. செயலியின் கடிகாரம் (ஓட்ட வேகம்) அடியில் போய் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸின் வட்டு மறையாக்க (என்கிரிப்ஷன்) வசதியான பிட்லாக்கரைப் போட்டிருக்கிறீர்களா என்பதும் முக்கியம். எஸ்எஸ்டிக்குள்ளேயே நடக்கும் மறையாக்கத்தில் ஓட்டைகள் இருப்பதை நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018 நவம்பரில் வெளியிட்டார்கள். அதன்பின் 2019 செப்டம்பரில் வந்த விண்டோஸ் புதுப்பிப்பிலிருந்து, புதிதாக மறையாக்கம் செய்யும் வட்டுகளில் பிட்லாக்கர் எஸ்எஸ்டியை நம்பாமல் செயலியிலேயே அந்த வேலையைச் செய்கிறது. செயலியில் மறையாக்கத்துக்கென்றே ஏஇஎஸ் கட்டளைகள் இருப்பதால் மேசைக் கணினியில் இது உறைக்காது. 4.5 வாட்டுக்குள் மூச்சு விடும் இரண்டு கோர் செயலி, சூட்டில் அதற்கும் கீழே இறக்கப்பட்டிருக்கும்போது, எழுதும் ஒவ்வொரு பைட்டையும் மறையாக்கம் செய்வது அதற்குப் பெரும் பாரம்.

இவற்றுக்கெல்லாம் அடியில் ஒரே ஒரு உண்மை இருக்கிறது. விசிறி இல்லாத இயந்திரத்தில் செயலி, எஸ்எஸ்டி, மோடம், பேட்டரி சார்ஜர் எல்லாம் சேர்ந்து ஒரே உலோகக் கூட்டின் வழியாகத்தான் வெப்பத்தை வெளியேற்றியாக வேண்டும். எஸ்எஸ்டி கூடுதலாக எடுக்கும் ஒவ்வொரு வாட்டும் செயலியின் பங்கிலிருந்து பிடுங்கியது.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. வெளியே 40 டிகிரி, வேலையால் கூடு அதைவிட 12 டிகிரி கூடி 52. எஸ்எஸ்டிக்கும் கூட்டுக்கும் நடுவே வெறும் காற்று மட்டும் இருந்து, ஒரு வாட்டுக்கு 8 டிகிரி வித்தியாசம் விழுகிறது என்று வைத்துக்கொண்டால், 3.5 வாட் எடுக்கும் எஸ்எஸ்டி 80 டிகிரியில் நிற்கும். அந்த இடைவெளியில் சரியான தடிமனில் தெர்மல் பேட் (வெப்பத்தைக் கடத்தும் மென்பட்டை) வைத்து வித்தியாசத்தை 4 டிகிரியாகக் குறைத்தால் அது 66 டிகிரி. பேட் எதையும் மாற்றாமல் மின்சாரத்தை மட்டும் 2 வாட்டுக்கு இறக்கினால் 68. இரண்டு வழியும் கிட்டத்தட்ட ஒரே இடத்துக்குத்தான் கொண்டுபோகின்றன.

வெயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. உச்சி வெயில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1,000 வாட் கொட்டுகிறது. ஏ4 தாள் அளவுள்ள கருப்பு மூடியின் மேல் அது நேராக விழுந்தால் 60 வாட்டுக்கு மேல். உள்ளே இருக்கும் செயலியின் மொத்தக் கணக்கே 4.5 வாட் என்பதை நினைத்துப் பாருங்கள். ஜீப்பின் பானட்டில் லேப்டாப்பை வைத்து வேலை செய்யும் பழக்கம் இருந்தால் எந்தப் பேடும் காப்பாற்றாது.

குவாரி அளவையர் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. சொன்னபடி பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

பரிமாற்ற முறை வரியில் ஓடும் இணைப்பு மூன்றாம் தலைமுறை, இரண்டு லேன் என்றும், எஸ்எஸ்டியின் உச்சம் நான்கு லேன் என்றும் காட்டுகிறது. ஆக, 1,700 என்பதோடு இனி வாழப் பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

வெப்பத்தைப் பொறுத்தவரை, ஏசி அறையில் 150 ஜிபியை யுஎஸ்பி வழியாக மாற்றிப் பார்த்தோம். வேகம் 400ஐ விட்டு அசையவில்லை, எஸ்எஸ்டி 66 டிகிரியைத் தாண்டவில்லை, எல்லை தாண்டிய கணக்குகளும் அப்படியே நின்றன. குவாரியில் தகரக் கொட்டகை நிழலில் அதே கோப்புகளை மாற்றியபோது, ஒவ்வொரு முறையும் வெப்பநிலை 80ஐ எட்டியதும் வேகம் விழுந்தது. எத்தனை ஜிபி எழுதியிருந்தோம் என்பதற்கும் விழுந்த இடத்துக்கும் தொடர்பே இல்லை. இரண்டு எல்லைகளின் எண்ணிக்கையும் ஏறியிருந்தன. செயலியின் கடிகாரம் 0.8 கிகாஹெர்ட்ஸுக்கும் கீழே போயிருந்தது. பிட்லாக்கர் இருக்கிறது, வாடிக்கையாளர் நிறுவனத்தின் நிபந்தனை என்பதால் அதை எடுக்க முடியாது.

தெர்மல் பேட் வைக்கலாம் என்று டப்பாவைத் திறந்து பார்த்தேன். எஸ்எஸ்டி ஒரு ரப்பர் மெத்தைமேல், மேலும் கீழும் காற்றிடைவெளியுடன் இருக்கிறது. அந்த ரப்பர் அதிர்ச்சியைத் தாங்குவதற்காகவா? அதை எடுத்துவிட்டுப் பேட் வைத்தால் இயந்திரத்தின் உறுதி கெடுமா? மேலும், இந்த லேப்டாப்புக்கு மில்-எஸ்டிடி-810 (அமெரிக்க ராணுவத்தின் தாங்குதிறன் சோதனைத் தரநிலை) சான்று இருக்கிறது, உயர் வெப்பநிலைச் சோதனையிலும் தேறியிருக்கிறது. பிறகு ஏன் 40 டிகிரியிலேயே இப்படி?

பழைய லினக்ஸர் எழுதியது:

சான்றிதழ் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மில்-எஸ்டிடி-810இன் 501ஆம் முறை, இயந்திரம் குறிப்பிட்ட வெப்பத்தில் இயங்குகிறதா, பழுதாகிறதா என்று பார்ப்பது. எந்த வேகத்தில் இயங்க வேண்டும் என்று சோதனைத் திட்டத்தில் எழுதிக்கொள்ளாத வரையில், கடிகாரம் அடிமட்டத்தில் இருந்தாலும் அது தேறிய இயந்திரம்தான். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைப்பது அந்தச் சோதனையின் கண்ணில் பிழையே கிடையாது. அதோடு, சான்று வாங்கியபோது உள்ளே இருந்தது பழைய சாட்டா எஸ்எஸ்டி. புதிய என்விஎம்இயுடன் அந்த இயந்திரத்தை யாரும் அடுப்பில் வைத்துப் பார்க்கவில்லை.

ரப்பர் மெத்தை சுழலும் வன்வட்டுக் காலத்து மிச்சம். தட்டும் ஊசியும் இருந்த நாட்களில் அது இல்லாமல் முடியாது. பானசோனிக் டஃப்புக் மாடல்கள் சிலவற்றில், கடுங்குளிரில் வன்வட்டு சுழலத் தொடங்குவதற்காக அந்த டப்பாவுக்குள் சூடேற்றும் கருவியையே வைத்திருந்தார்கள் என்பதை இங்கே ஒரு வேடிக்கையாகச் சொல்லலாம். எஸ்எஸ்டிக்கு அந்த மெத்தை தேவையில்லை. ஆனால் எஸ்எஸ்டி ஆடாமல் பிடித்துக்கொள்ளும் வேலையையும் அதுவே செய்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சில்லுகள் இருக்கும் பக்கத்தில் மட்டும் பேட் வைத்து, மறுபக்கம் மெத்தையை அப்படியே விட்டுவிடுவது பாதுகாப்பானது. இடைவெளியை அளந்துவிட்டு, அதைவிட அரை மில்லிமீட்டருக்கு மிகாமல் கூடுதலான, அமுங்கக்கூடிய மென்மையான பேட் வாங்குங்கள். தடிமனான கெட்டிப் பேடைத் திணித்து மூடினால் எம்.2 போர்டு வளையும், அந்த வளைவில் சில்லுகளின் அடியில் உள்ள பிஜிஏ பற்றவைப்புகள் விரிசல் விடும்.

இப்போது நான் இங்கே எழுத வந்த விஷயம். பேடைத் தொடுவதற்கு முன், எஸ்எஸ்டி எடுக்கும் மின்சாரத்துக்கே உச்சவரம்பு போட்டுப் பாருங்கள். என்விஎம்இ எஸ்எஸ்டிகள் ஒவ்வொன்றும் தன் மின்நிலைகளின் பட்டியலைத் தானே சொல்லும். மேலே பேச்சில் வந்த 970 இவோவை எடுத்துக்கொண்டால், பூஜ்யம் நிலையில் 6.2 வாட் வரை, ஒன்றாம் நிலையில் 4.3, இரண்டாம் நிலையில் 2.1. இந்த மூன்றிலும் அது வேலை செய்யும். அதற்குக் கீழே உள்ள 0.04 வாட்டும் 0.005 வாட்டும் தூங்கும் நிலைகள். இரண்டாம் நிலைக்குப் போகச் சொன்னால் உச்ச வேகம் குறையும், ஆனால் உங்களுக்கு வேண்டியது யுஎஸ்பி தரும் 400 எம்பிதான். 400ஐச் சீராகக் கடைசி வரை தரும் எஸ்எஸ்டி, 1,700இல் தொடங்கி 70இல் முடியும் எஸ்எஸ்டியைவிட உங்கள் வேலைக்கு உகந்தது.

வெப்பத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பும் ரம்பப் பல் ஓட்டத்தின் சராசரி, எல்லைக்குக் கொஞ்சம் கீழே சீராக ஓடும் வேகத்தைவிடப் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். கடுமையான குறைப்பு நிலையிலிருந்து கன்ட்ரோலர் மீண்டு வர எடுத்துக்கொள்ளும் நேரமே இதற்குக் காரணம்.

வெப்பமானி எழுதியது:

இதில் ஓர் எதிர்வாதம் வைக்கிறேன், முழுவதும் மறுப்பதற்காக அல்ல. ஒரு ஜிபி எழுத எத்தனை ஜூல் ஆகிறது என்று பார்த்தால், வேகமாக எழுதி முடித்துவிட்டுத் தூங்கப் போகும் எஸ்எஸ்டிதான் சிக்கனமானது. 5 வாட்டில் வினாடிக்கு 2 ஜிபி எழுதினால் ஒரு ஜிபிக்கு 2.5 ஜூல். 3 வாட்டில் 400 எம்பி எழுதினால் ஜிபிக்கு 7.5 ஜூல், அதாவது மூன்று மடங்கு. எனவே சிறு கோப்புகளைத் திறப்பது, மென்பொருள் தொடங்குவது போன்ற குறுகிய வேலைகளுக்கு உச்சவரம்பு போடுவது கெடுதல்தான் செய்யும்.

ஆனால் இவருடைய நிலையில் எஸ்எஸ்டி வேகமாக முடித்துவிட்டுத் தூங்க வழியே இல்லை. வரத்து 400 எம்பி என்பதால், அது முழு விழிப்பில் காத்துக்கொண்டே இருக்கிறது. கன்ட்ரோலரின் கடிகாரமும் இணைப்பும் முழு வேகத்தில் ஓடிக்கொண்டு, வேலை மட்டும் கால்வாசி நடக்கிறது. ஆகவே குவாரியில் தரவு மாற்றும் நேரத்துக்கு மட்டும் உச்சவரம்பு, அலுவலகம் திரும்பியதும் எடுத்துவிடுவது என்று வைத்துக்கொண்டால் எனக்கும் சம்மதமே.

எஸ்எஸ்டியை மாற்றியே தீருவதென்றால், உச்ச வேகத்தைப் பார்க்காமல் மின்சார அட்டவணையைப் பார்த்து வாங்குங்கள். நுகர்வோருக்கான நான்காம் தலைமுறை எஸ்எஸ்டிகளின் முதல் கன்ட்ரோலரான ஃபைசன் இ16, 2019இல் 28 நானோமீட்டரில் வந்தது. அந்த எஸ்எஸ்டிகள் பலவும் ஹீட்சிங்கோடேதான் விற்கப்பட்டன. மூன்றாம் தலைமுறையிலோ எஸ்கே ஹைனிக்ஸின் கோல்ட் பி31, சிக்கனத்துக்காகவே பெயர் வாங்கியது. உங்கள் இரண்டு லேன் ஸ்லாட்டில் அது தன் முழு வேகத்தைக் காட்டாது, ஆனால் வெப்பம் குறையும், அந்த வாட்டெல்லாம் செயலிக்கு மிஞ்சும். பிட்லாக்கரை எடுக்க முடியாத நிலையில் செயலிக்கு மிஞ்சும் ஒவ்வொரு வாட்டும் உங்களுக்கு நேரடி லாபம்.

பேட்டரி சார்ஜ் ஏற்றிக்கொண்டே தரவு மாற்றுவதையும் தவிர்க்கப் பாருங்கள். சார்ஜ் ஆகும் நேரத்தில் சார்ஜர் சுற்றும் பேட்டரியும் தரும் வெப்பம் அதே கூட்டுக்குள்தான் இறங்குகிறது.

குவாரி அளவையர் எழுதியது:

மிகத் தெளிவாக இருக்கிறது. ஒரே ஒரு கேள்வி மிச்சம். ஸ்கேனர் மென்பொருளுக்காக நாங்கள் விண்டோஸிலேயே இருக்க வேண்டியிருக்கிறது. இந்த மின்நிலை உச்சவரம்பை விண்டோஸில் போட முடியுமா, ஒருமுறை போட்டால் நிற்குமா?

பழைய லினக்ஸர் எழுதியது:

லினக்ஸில் என்விஎம்இ கருவியால் மின்நிலையை மாற்றினால், அது அடுத்த ரீசெட் வரைதான் நிற்கும். தூக்கத்திலிருந்து எழுந்தாலோ மறுதொடக்கம் செய்தாலோ எஸ்எஸ்டி மறுபடி பூஜ்யம் நிலைக்கு வந்துவிடும் என்பதால் ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்ல வேண்டும். நடுவில் அது தானாகத் தூங்கி எழுவது இதைக் கெடுக்காது, தூங்குவதற்கு முன் எந்த இயங்குநிலையில் இருந்ததோ அதற்கே திரும்பும்.

விண்டோஸில் மைக்ரோசாஃப்ட்டின் சொந்த என்விஎம்இ டிரைவர் ஓடுகிறது என்றால் உங்கள் வேலை இன்னும் எளிது. மின்திட்ட அமைப்புகளில் வன்வட்டு என்ற பகுதியின் கீழ், உச்ச மின்அளவு என்ற பொருளில் ஓர் அமைப்பு மறைத்து வைக்கப்பட்டிருக்கிறது. பவர்சிஎஃப்ஜி கட்டளையால் அதை வெளியே கொண்டுவரலாம். அது சதவீதத்தில் இருக்கும், வழக்கமான மதிப்பு 100. அதைக் குறைத்தால், அந்தச் சதவீதத்துக்குள் அடங்கும் இயங்குநிலையை டிரைவர் தேர்ந்தெடுக்கும். 6.2, 4.3, 2.1 என்று நிலைகள் உள்ள எஸ்எஸ்டியில் 40 என்று வைத்தால் 2.1 வாட் நிலை. இது மின்திட்டத்தோடு சேர்ந்த அமைப்பு என்பதால் மறுதொடக்கத்துக்குப் பின்னும் நிற்கும். குவாரிக்கென்று ஒரு மின்திட்டமும் அலுவலகத்துக்கென்று ஒன்றும் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடலாம். தயாரிப்பாளர் தரும் தனி டிரைவர் நிறுவப்பட்டிருந்தால் முதலில் அதை நீக்குங்கள், அந்த டிரைவர்கள் எல்லாம் இந்த அமைப்பை மதிக்கும் என்று சொல்ல முடியாது.

போட்டபின் ஏசி அறையிலேயே ஒருமுறை வேக சோதனை ஓட்டிப் பாருங்கள். எழுதும் வேகம் முன்பு வந்ததைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தால் உச்சவரம்பு ஏறிவிட்டது என்று பொருள். குறையவே இல்லையென்றால் டிரைவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை, அப்போது பேட்தான் வழி. எழுதும் வேகம் 400க்கும் கீழே போய்விட்டால் சதவீதத்தை 70க்கு ஏற்றி ஒன்றாம் நிலையில் சோதியுங்கள். டப்பாவைத் திறக்க நேர்ந்தால், மூடும்போது ரப்பர் கேஸ்கெட்டின் பள்ளத்தில் தூசி இல்லாமல் துடைத்துவிட்டு மூடுங்கள். ஐபி65 என்பது அந்தக் கேஸ்கெட் சரியாக உட்காரும் வரைதான்.